வெள்ளிக்கிழமை வாங்க, டீச்சர்

ஒரு மாதமாக எனக்கு ஒரே குழப்பம். யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. கோபப்படத்தான் வேண்டுமா என்பதும் தெரியவில்லை. உங்களிடம் சொன்னாலாவது தெளியுமா, பார்க்கலாம்.

உத்திரமேரூர் பஜார் தெருவில் ரகீம் பாய் என்று ஒருவர் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். வாட்ச்சோடு டார்ச் செல், டேப் ரெக்கார்டர் பெல்ட் எல்லாம் கிடைக்கும். என் கைக்கடிகாரம் நின்று போகும்போதெல்லாம் அவரிடம்தான் ஓடுவேன். அதிகம் பேச மாட்டார். போன மாதம் அந்தக் கடையைப் பலகையால் இரண்டாகத் தடுத்தார். தடுத்த பாதியின் வாசலில் ஒரு போர்டு தொங்கியது. ‘வீடியோ கேம்ஸ் – வெள்ளி மாலை ஆரம்பம்.’

வீடியோ கேம்! மெட்ராஸ் பொருட்காட்சியில் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அதுவும் கூட்டத்துக்குப் பின்னால், எக்கி நின்று. டி.வி.யோடு ஒரு பெட்டியை இணைத்திருப்பார்கள். பெட்டியிலிருந்து வயர், வயரின் முனையில் ஒரு ஸ்டிக். ஸ்டிக்கை நாம் ஆட்டினால் டி.வி.க்குள் இருக்கும் பொம்மை ஆடும். நடிகர்கள் நாம் சொன்னபடி நடிக்கிற சினிமா மாதிரி. அது எங்கள் ஊருக்கு வருகிறது என்றால் சும்மாவா? பாயின் மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்து கொடுத்ததாம்.

இந்த இடத்தில் என்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமையடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பகலில் நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வாரம் ஒரு நாள் உங்களோடு இந்தப் பக்கத்தில் அரட்டை. இந்த அரட்டையால் ஊரில் எனக்கு ஒரு மரியாதை உண்டு. டூரிங் டாக்கீஸில் படம் மாறினால் முதல் ஷோவுக்கு பாஸ் வந்துவிடும். ஸ்வீட் ஸ்டால் திறந்தால் முதல் தட்டு மைசூர்பாகு என் வீட்டுக்கு வரும். பம்ப் செட் கடைக்காரர்கூட புது மோட்டாரை எனக்கு ஓட்டிக் காட்டினார். எனக்கும் மோட்டாருக்கும் என்ன சம்பந்தம்? இருந்தாலும் காட்டினார். நான் எழுதுவேன். நீங்கள் படிப்பீர்கள்.

ஆகவே செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் நேரே பாய் கடைக்குப் போனேன். புதன்கிழமை எழுதி அனுப்பினால் வெள்ளிக்கிழமை காலை பத்திரிகை ஊருக்கு வந்துவிடும். அன்று மாலை திறப்பு விழா. கணக்கு டீச்சர் அல்லவா... கணக்கு சரியாக இருந்தது.

உள்ளே மேஜை மேல் டி.வி. அதன் மேல் பூப்போட்ட பெட்ஷீட். கல்யாணப் பெண் மாதிரி தலையோடு மூடியிருந்தது.

“பாய், ஒரு அஞ்சு நிமிஷம் காட்டுங்க. இந்த வாரமே எழுதிடறேன்.”

கண்ணில் மாட்டியிருந்த லென்ஸைக் கழற்றாமலே சொன்னார். “வெள்ளிக்கெழம வாங்க டீச்சர். எல்லாரும் பாக்கும்போது நீங்களும் பாருங்க.”

“ஏன், ரிப்பேரா?”

“அதெல்லாம் ஒண்ணியும் இல்ல. நல்லாத்தான் கீது.”

“நல்லா இருந்தா காட்டறதுக்கு என்ன பாய்?”

“வெள்ளிக்கெழம வாங்க, டீச்சர்.”

அவ்வளவுதான். மறுபடி வாட்ச்சுக்குள் குனிந்துவிட்டார்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. பக்கத்தில் ஒரு நோட்டு கிடந்தது. முதல் நாள் ஆடுவதற்கு வரிசையாகப் பேர் எழுதிவைத்திருந்தார். இரண்டு பக்கத்துக்குப் பேர்! சாமானைக் கண்ணில் காட்ட மாட்டாராம். ஆனால் இப்போதே இடம் பிடித்துக்கொள்ளலாமாம். இது என்ன நியாயம்? பொம்மை ஆடவில்லையோ? ஆடினாலும் பார்க்கக் கூடாத பொம்மையோ?

வீட்டுக்கு வந்தேன். எழுதினேன். என்ன எழுதினேன் என்று வழக்கமான வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும். ‘எங்கள் ஊரில் ஒரு புதுச் சரக்கு துணிக்குள் ஒளிந்திருக்கிறது. எனக்குத் தெரிந்து மூடி வைத்து நடக்கிற வியாபாரம் இரண்டுதான். ஒன்று சாராயம், இன்னொன்று சூதாட்டம். இது மூன்றாவதா, இல்லை இரண்டில் ஒன்றா?’

தமாஷுக்குத்தான் எழுதினேன். பேர்கூடப் போடவில்லை. ஆனால் உத்திரமேரூரில் துணிக்குள் ஒளிந்திருந்தது ஒன்றே ஒன்றுதானே!

வெள்ளிக்கிழமை காலை பிரேயரில் ஹெட்மிஸ்ட்ரஸ் மைக் முன்னால் வந்து நின்றார். கையில் நம் பத்திரிகை. என் பத்தியை வாசித்தார், என் பக்கம் ஒரு தடவை மெச்சிக்கொண்டே பார்த்தார். “பஜார் தெருவுல சூதாட்ட மெஷின் வந்திருக்குதுன்னு நம்ம டீச்சரே எழுதியிருக்காங்க. எந்தப் பொண்ணும் அந்தப் பக்கம் போகக் கூடாது. வீட்டுலேயும் அண்ணன் தம்பிகிட்ட சொல்லுங்க.”

நான் எங்கே சூதாட்ட மெஷின் என்று எழுதினேன்? கேள்விதானே கேட்டேன்? எழுந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மைக்கில் என் பேச்சு வந்தது ஒரு பக்கம் சந்தோஷமாக வேறு இருந்தது... வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

சாயங்காலம் போனேன். பெட்ஷீட்டை எடுத்திருந்தார்கள். டி.வி. மேல் ஒரு முழம் மல்லிகை. பெஞ்சு இரண்டும் காலி. நோட்டில் இருந்த இரண்டு பக்கத்துப் பேரில் ஒருவரையும் காணோம். ஒரே ஒரு ஆள் ஆடிக்கொண்டிருந்தார். காஞ்சிபுரம் பஸ் கண்டக்டர் ஏகாம்பரம். காக்கிச் சட்டையோடு, தோல் பையைத் தோளில் மாட்டியபடி, உடம்பையே வளைத்து வளைத்து ஆடிக்கொண்டிருந்தார்.

ஏகாம்பரம்தான் வரவேற்றார். “வாங்க டீச்சர்! போலீஸ்காரரு இப்பதான் போனாரு. சூதாட்டமான்னு பாக்க வந்தாரு. பாத்தாரு. அவரும் ரெண்டு ஆட்டம் ஆடிக்கினு போய்ட்டாரு.”

பாய் எனக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஸ்டிக்கைக் கையில் கொடுத்தார். திரையில் ஒரு குட்டி விண்வெளிக் கப்பல் என்னுடையதாம். மேலிருந்து என்னென்னவோ கப்பல்கள் இறங்கின, அவற்றைச் சுட வேண்டுமாம். நான் எல்லாவற்றுக்கும் ஒழுங்காக மோதினேன். ஒரு ஆட்டத்துக்கு மூன்று கப்பலாம், மூச்சு விடுவதற்குள் மூன்றும் போயின. மறுபடி ஆடினேன். ஸ்டிக் இடது பக்கம் சரியாகத் திரும்பவில்லை. அந்த நேரம் பார்த்து வோல்டேஜ் இறங்கியது. படம் நாலு பக்கமும் சுருங்கித் தலைகாணி மாதிரி ஆகிவிட்டது.

ஆக, கோளாறு இருக்கத்தான் செய்தது! என் சந்தேகம் சரிதானே?

சந்தோஷப்பட்டேன் என்று நினைக்கிறீர்களா? இல்லை. காலி பெஞ்சைப் பார்த்தபடி சந்தோஷப்படுவது அவ்வளவு சுலபமில்லை. ஏகாம்பரம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினார். நானும் பாயும்தான்.

“பாய், அன்னிக்கே காட்டியிருந்தா நான் இப்படி எழுதியிருக்கவே மாட்டேனே. ஏன் காட்டல?”

டி.வி.யை ஆஃப் செய்தார். துணியால் அதன் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார்.

“சொன்னா வருத்தப்படக் கூடாது டீச்சர்.”

“சொல்லுங்க.”

“ரெண்டு வருசம் முன்னால பஸ் ஸ்டாண்டாண்ட ஒரு பரோட்டா கடை போட்டாங்களே, ஞாபகம் கீதா?”

இல்லை என்றேன். எத்தனையோ கடை வருகிறது, போகிறது.

“தொறக்கறதுக்கு மொத நாளு உங்க வூட்டுக்கு பார்சல் வந்துச்சே. ‘இந்தப் பரோட்டாவைப் பிய்க்கக் கை போதாது, டெய்லர் கத்தரிக்கோல் வேண்டும்’னு எழுதினீங்களே.”

சட்டென்று ஞாபகம் வந்தது. வராமல் இருக்குமா? அந்த ஒரு வரிக்கு எத்தனை பாராட்டுக் கடிதம்! எடிட்டரே போஸ்ட் கார்டு போட்டிருந்தார். ஸ்டாஃப் ரூமில் ஒரு வாரம் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

“அது என் தம்பி சலீம் கடை.”

எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. கடையில் யார் பேர் போட்டிருந்தது என்றுகூட நான் பார்க்கவில்லை.

“ஊரே சிரிச்சிது டீச்சர். நானும் சிரிச்சேன், பொய் சொல்லக் கூடாது. கடைக்கு வர்றவன்லாம் கத்தரிக்கோல் கீதான்னு கேட்டுக்கினே வருவான். அப்பால அதுகூடக் கேக்க வரல. மூணு மாசத்துல மூடிட்டான். இப்ப பெங்களூர்ல ஒரு பேக்கரில கீறான்.”

வாயில் வந்தது இதுதான்: “பரோட்டா கெட்டியாத்தானே பாய் இருந்தது?”

கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை.

“கெட்டியாத்தான் இருந்துச்சி. புது மாஸ்டரு, புது கல்லு. ரெண்டாவது வாரம் சரி பண்ணிட்டான். பஞ்சு மாரி வந்துச்சி டீச்சர். துன்றதுக்குத்தான் ஆளு இல்ல.”

பிறகு ஸ்டிக்கைக் கையில் எடுத்து இடது பக்கம் திருப்பிக் காட்டினார். “இதுவும் கொஞ்சம் மக்கர்தான். எனக்குத் தெரியும். வேற ஸ்டிக்கு வர்ற வாரம் மெட்ராஸ்லேர்ந்து வருது. ஸ்டெபிலைசரும் சொல்லிக்கீறேன். அதுக்குள்ள நீங்க பாத்து, சிரிக்கற மாரி ஒரு வரி எழுதிட்டா... அதான் மூடி வெச்சேன். வேற ஒண்ணியும் இல்ல.”

வீட்டுக்கு நடந்து வந்தேன். வழி நெடுக ஒரே வழக்கு. வாதியும் நானே, பிரதிவாதியும் நானே. கெட்டியான பரோட்டாவைக் கெட்டி என்று சொன்னது தப்பா? காசு கொடுத்துச் சாப்பிடுகிறவனுக்கு யாராவது சொல்ல வேண்டாமா? கோளாறு இருக்கிறதென்று தெரிந்தே பாய் பேர் எழுதிக்கொண்டது மட்டும் சரியா? சரியில்லைதான். ஆனால் அவர் மூடி வைத்தது எனக்குப் பயந்து. நான் சந்தேகப்பட்டது அவர் மூடி வைத்ததால். இதில் எது முதல், எது இரண்டாவது? பலகையில் சாக்பீஸ் எடுத்துப் போட்டுப் பார்த்தாலும் இந்தக் கணக்கு எனக்கு வராது.

ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. சூதாட்டம் என்ற வார்த்தை என்னுடையது. அதைத் திரும்ப எடுக்க வேண்டியவளும் நான்தான்.

திங்கட்கிழமை ஹெட்மிஸ்ட்ரஸிடம் அனுமதி கேட்டேன். “அதுக்குப் போய் மைக்கா? பத்திரிகையில எழுதிக்குங்களேன்” என்றார். மைக்கில் போனதை மைக்கில்தானே எடுக்க வேண்டும்? அரைமனதோடு சரி என்றார். அத்தனை பிள்ளைகள் முன்னால் நின்றேன். “பஜார் தெருவில் இருப்பது விளையாட்டு. சூதாட்டம் இல்லை. நான் பார்க்காமலே எழுதினேன். தப்பு என்னுடையது” என்றேன். பின்வரிசையில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். சிரிக்கட்டும். சிரிப்பு எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரிய வேண்டாமா?

உடனே பாய் கடையில் கூட்டம் திரண்டுவிட்டது என்று சொல்ல ஆசைதான். திரளவில்லை. ரைஸ் மில் ஆட்கள் நாலு பேர் வந்தார்கள். மாகறலிலிருந்து நெல் மூட்டை கொண்டுவந்த ஒரு மாமா, வண்டியை வெளியே நிறுத்திவிட்டு வந்து எட்டிப் பார்த்து, கடைசியில் அரைமணி நேரம் ஆடிவிட்டுப் போனாராம். ஏகாம்பரம் தினமும் வருகிறார். அவர் ஆடும்போது பஸ் ஐந்து நிமிஷம் லேட்டாகக் கிளம்புகிறது என்று பாசஞ்சர்கள் புகார் சொல்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை இன்னும் யாரும் அனுப்புவதில்லை. ஒரு தரம் போன பேர் மெதுவாகத்தான் திரும்பி வருகிறது.

பெங்களூருக்கு சலீமுக்கு ஒரு கடிதம் எழுதினேன். விலாசம் பாய் கொடுத்தார். மூன்று தடவை கிழித்துப் போட்டு நாலாவது தடவை அனுப்பினேன். பதில் வரவில்லை. வர வேண்டும் என்று நான் எப்படிக் கேட்பது?

எடிட்டர் மட்டும் விடவில்லை. ‘அந்த வீடியோ கேம் நன்றாக இருக்கிறதா இல்லையா? வாசகர்கள் கேட்கிறார்கள்’ என்று கார்டு மேல் கார்டு. பாயிடமே போய்க் கேட்டேன். “நீங்க சொன்னதையெல்லாம் எழுதலாமா பாய்? சலீம் விஷயத்தையும்?”

“எழுதுங்க. ஸ்டிக்கு மக்கர் பண்ணதையும் எழுதுங்க. இப்ப மாத்தியாச்சின்னும் எழுதுங்க.”

எழுதிவிட்டேன். ஸ்டிக் மாற்றியாகிவிட்டது. ஸ்டெபிலைசரும் வந்துவிட்டது. படம் இப்போது சுருங்குவதில்லை.

மற்றபடி அது நன்றாக இருக்கிறதா இல்லையா என்று கேட்டால்... எனக்கு இன்னும் சொல்லத் தெரியவில்லை. பொம்மைக் கப்பலைச் சுடுவதில் என்ன பிரயோஜனம் என்று ஒரு மனசு கேட்கிறது. கண்ணும் எரிகிறது. கட்டை விரல் வலிக்கிறது.

நேற்றும் போயிருந்தேன்.