அக்காவின் சைக்கிளும் தினசரி பஞ்சரும்

உலகத்திலேயே பெரிய மூளை என் அக்காவுடையது. நான் அளந்து பார்க்கவில்லை. அதை அளக்கிற டேப்பை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. பிறந்தவுடன் எல்லாக் குழந்தைகளும் அழும். இவள் மட்டும் நர்ஸைப் பார்த்து, "தராசு முள் சாஞ்சிருக்கு, எடையை மறுபடி பாருங்க" என்றாளாம். சூரியனே எங்கள் வீட்டு ஜன்னலில் எட்டிப்பார்த்து, அக்கா புத்தகத்தைத் திறந்துவிட்டாளா என்று உறுதி செய்துகொண்டுதான் மேலே ஏறுகிறது. தெருவில் அவளுக்குப் பெயர் கால்குலேட்டர். எனக்கும் ஒரு பெயர் உண்டு, அச்சில் போட முடியாது.

அக்கா பன்னிரண்டாம் வகுப்பு. நான் பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு, அவள் பள்ளிக்கூடத்துக்கு எதிரே சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுகிறேன். படிப்புக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். அவளும் படிப்புமோ ஒட்டிப் பிறந்தவர்கள். விடிந்தும் விடியாமலும் வேதியியல் டியூஷன், பிறகு பள்ளிக்கூடம், பள்ளி விட்டதும் கணக்கு டியூஷன், அது முடிந்ததும் இயற்பியல். நடுவில் சாப்பாடு. அதையும் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிடுவாள். ஒருநாள் வெறும் தட்டிலிருந்து வாய்க்குக் கையைக் கொண்டுபோய்க்கொண்டே இருந்தாள். "இன்னும் கொஞ்சம் போடட்டுமாக்கா?" என்று மரியாதைக்குக் கேட்டேன்.

"போதும்டா, வயிறு நெறஞ்சிடுச்சு" என்றாள்.

அப்பாவின் ஷேவிங் கிரீமில் பல் தேய்த்தாள். அம்மா கூப்பிட்டால் "பிரசென்ட் மிஸ்" என்றாள். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு புண்ணானது. ஆனால் பரீட்சை நாட்களில் அவள் விரல்கள் சில்லிட்டுப் போகும். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே வராமல் வாந்தி எடுப்பாள். அதில் சிரிக்க ஒன்றுமில்லை.

அம்மா தையல் வேலை செய்கிறாள். மெஷினுக்குப் பக்கத்தில் போய் நின்று, "அம்மா, அக்கா ஒரு மாதிரி இருக்கா. ஏதாவது ஒரு டியூஷனை நிறுத்தேன்" என்றேன்.

அம்மா வாயில் கவ்வியிருந்த ஊசியை எடுக்காமலே, "தானும் படிக்க மாட்டான், படிக்கிறவளையும் விட மாட்டான்" என்றாள். விளையாட்டுக்கு உப்பு டப்பாவில் சர்க்கரை போட்டு வைத்தவன் பேச்சு வேறு எப்படி எடுபடும்?

அந்த வாரமே அக்காவின் தோழி ஒருத்தி கடைக்குக் காற்றடிக்க வந்தாள். "டேய், உங்க அக்கா இயற்பியல் திருப்புதல் தேர்வுல பேனாவையே தெறக்கல. கேள்வித்தாளை வெறிச்சுப் பார்த்துட்டே இருந்தா. அப்புறம் வெளிய போனவ திரும்பவே இல்ல" என்றாள். வீட்டில் அக்கா "நல்லா எழுதினேன்" என்று சொல்லியிருந்தாள். பொதுத்தேர்வுக்கு ஒரு மாதம்தான் இருந்தது. அங்கேயும் இப்படி ஆனால் அவளுடைய வருஷமே போய்விடும். வருஷம் போவது எனக்குப் பழகிவிட்டது. அவளுக்குப் பழகாது.

அதனால் காற்றைப் பிடுங்கினேன்.

பள்ளி விடுவதற்குச் சற்று முன் சைக்கிள் நிறுத்தத்துக்குள் நுழைந்து, அவள் பின்சக்கரத்தின் வால்வைத் திறந்துவிட்டேன். கணக்கு டியூஷன் வாத்தியார் தாமதமாக வருகிறவர்களை உள்ளே விடமாட்டார். அவரை நம்பித்தான் என் திட்டமே.

அக்கா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். "சீக்கிரம் போடுடா, கதவைச் சாத்திடுவாரு!"

"பெரிய ஆணியா இருக்கும்போல" என்று, டாக்டர் முகத்தை வைத்துக்கொண்டு டயரைக் கழற்றினேன். டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, குமிழி வருகிறதா என்று பார்த்தேன். மறுபடி முக்கினேன். குழந்தையைக் குளிப்பாட்டுகிறவள்கூட அவ்வளவு நிதானமாகச் செய்யமாட்டாள். அக்கா கவிழ்த்துப் போட்ட டிரம்மின் மேல் உட்கார்ந்து புத்தகத்தை விரித்தாள். சற்று நேரத்தில் புத்தகம் மடியில் சரிந்தது. வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டாள். கால்குலேட்டர் குறட்டை விட்டது.

அதற்குப் பிறகு தினமும் பஞ்சர். முதலாளிக்கே பொறுக்கவில்லை. "ஏண்டா, ஊர்ல இருக்கிற ஆணியெல்லாம் அந்தப் பொண்ணு டயரைத்தான் தேடி வருதா?" என்று கேட்டார். ஆனாலும் அவளுக்கு டீயும் பன்னும் வாங்கிவரச் சொல்வார்.

ஒருநாள் அவள் தூங்கவில்லை. தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தானாகவே சொன்னாள். "கேள்வித்தாளைப் பார்த்ததும் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊருதுடா. நெஞ்சு தடதடன்னு அடிக்குது. படிச்சது ஒண்ணுகூட ஞாபகத்துக்கு வரல."

"எனக்கு எப்பவுமே அப்படித்தான். பரீட்சைன்னாலே அதுதான்னு நெனச்சுட்டிருந்தேன்."

சிரித்தாள். சிரித்ததில் டீ புரையேறி, கண்ணில் தண்ணீர் வந்தது. அது டீயால் மட்டும் வந்த தண்ணீர் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. தெரியாத மாதிரி டியூபைத் திருப்பினேன்.

"அம்மாகிட்ட சொல்லுக்கா."

"என்னன்னு சொல்றது? அம்மா எவ்ளோ ஆசையா இருக்கா!"

கிரீஸ் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அம்மாவானேன். "சொல்லும்மா கண்ணு. உன் தம்பி தறுதலையைப் பத்தியா?"

"அம்மா, எனக்குப் பயமா இருக்கு. சாயங்கால டியூஷன் ரெண்டும் வேணாம்."

"ஐயையோ, அப்போ ஊருக்கு என்ன பதில் சொல்லுவேன்?"

"அம்மா அப்படியெல்லாம் பேசமாட்டா, எருமை. ஒழுங்கா நடி."

தினமும் ஒத்திகை நடந்தது. முதலாளி அப்பாவாக நடித்தார். அவர் பங்குக்கு "ம்" என்ற ஒரே வசனம்தான்.

ஒரு காலையில் அக்கா மெஷின் பக்கத்தில் போய் நின்றாள். நான் கதவோரம் செருப்பைத் தேடுகிற மாதிரி நின்றேன். தேர்வறையிலிருந்து வெளியே போனதையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னாள். நடுவில் நிறுத்தவில்லை. மெஷின்தான் நின்றுவிட்டது. அம்மா ஊசியை வாயிலிருந்து எடுத்தாள். அக்காவின் விரல்களைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டு, "இவ்ளோ சில்லுன்னு இருக்கே, ஏண்டி என்கிட்ட சொல்லல?" என்றாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "டியூஷன் வாத்தியாருங்ககிட்ட நானே போய்ச் சொல்றேன். உங்க டீச்சரையும் பார்க்கிறேன்" என்றாள்.

நான் நிம்மதியாகக் கடைக்குப் போனேன். இனிமேல் அந்த டயருக்கு நான் விரோதி இல்லை. அன்று சைக்கிள் நிறுத்தத்தின் பக்கமே தலைவைக்கவில்லை.

சாயங்காலம் அக்கா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பின்சக்கரம் சப்பையாகத் தரையோடு ஒட்டிக்கிடந்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டியூபைக் கழற்றித் தொட்டியில் முக்கினேன். ஒரு குமிழிகூட இல்லை. திருப்பித் திருப்பி முக்கினேன். என் வேலையை என்னைவிடச் சுத்தமாக யாரோ செய்திருக்கிறார்கள்!

"அநியாயம்க்கா!" என்று கத்தினேன். "இன்னிக்கு நான் காத்தையே புடுங்கலையே!"

முதலாளி தலையைத் திருப்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது.

அக்கா டிரம்மை இழுத்துப் போட்டுச் சாவகாசமாக உட்கார்ந்தாள். கையை விரித்தாள். உள்ளங்கையில் வால்வு மூடி இருந்தது.

"இன்னிக்குப் புடுங்கல, சரி" என்றாள். "அப்போ மத்த நாளெல்லாம்?"