பின்சீட்டுக்காரர்

பின்சீட்டின் இடது ஓரத்தில் ஏறி உட்கார்ந்ததும் முதல் வேலையாகச் செருப்பைக் கழற்றுவார். வெறுங்காலை வண்டியின் தரையில் அழுத்திப் பதிப்பார். கண்ணை மூடிக்கொண்டு "ம், போலாம்" என்பார். அதோடு சரி. வண்டி கடைத்தெருவைச் சுற்றி, பாலம் ஏறி இறங்கி, மறுபடி பட்டறை வாசலில் வந்து நிற்கும்வரை வாயைத் திறக்கமாட்டார். புதிதாக வருகிறவர்கள் கண்ணாடியில் பார்த்துவிட்டு, மனுஷன் அசந்து தூங்கிவிட்டார் என்றே நினைப்பார்கள். ஒருவர் இரக்கப்பட்டு, ஓடிக்கொண்டிருந்த பாட்டின் சத்தத்தைக்கூடக் குறைத்தார். இறங்கும்போது பின்சீட்டுக்காரர் அவரைக் கேட்டார்: "பால இறக்கத்துல ரெண்டாவது கியருக்கு வந்துட்டு, அப்புறம் ஏன் சார் மனசு மாறிட்டீங்க?"

அவர் தொழில் பின் ஆக்சில். காரின் பின்சக்கரங்கள் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, எஞ்சினின் சக்தியை அவற்றுக்குப் பங்கு வைத்துக் கொடுக்கிற அந்த முழு இரும்பு அமைப்பு. அடிபட்ட வண்டிகளிலிருந்து கழற்றி வாங்குவார். பிரித்து, கழுவி, தேய்ந்ததை மாற்றி, பந்தயத்துக்குக் கார் வைத்திருப்பவர்களுக்குப் பொருத்தித் தருவார். வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகைதான் பட்டறை. எஞ்சினுக்குப் பெயர்போன மெக்கானிக்குகள் ஊருக்குள் நிறைய உண்டு. அவர்களோடு நின்று படம் எடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. இவரோடு யாரும் படம் எடுத்துக்கொண்டதில்லை. எடுக்க வந்தாலும் இவர் வண்டிக்கு அடியில் இருந்திருப்பார்.

"வேகமான காருக்கு எந்த ஆக்சில் நல்லது?" என்று கேட்டால் பதில் வராது. "கார் கெடக்கட்டும். ஓட்டப்போறது யாரு?" என்று திருப்பிக் கேட்பார். அதற்காகத்தான் பின்சீட்டுப் பயணம். பந்தயக் காரில் பின்சீட்டு இருக்காது. ஆகவே காய்கறி வாங்கப் போகிற வண்டியானாலும் சரி, அதில் அவரை ஏற்றி ஒரு சுற்று ஓட்டிக் காட்ட வேண்டும். "வண்டி மாறும் சார், காலு மாறாது." ஒருவர் கிளட்சை விடுவது தூங்கிய குழந்தையைப் படுக்கையில் கிடத்துவதுபோல் இருக்கும். இன்னொருவர் விடுவது லாரியிலிருந்து மூட்டையைத் தள்ளுவதுபோல் இருக்கும். மெத்தென்ற காலுக்கு லேசான ஆக்சில் போதும், வண்டி பறக்கும். மூட்டை தள்ளுகிற காலுக்கு அதையே மாட்டினால் என்றைக்காவது ஒருநாள் உள்ளே சக்கரத்தைச் சுற்றும் தண்டு முறியும்.

இந்தப் பழக்கம் பட்டறையோடு நிற்பதில்லை. விருந்தாளி டீ கிளாஸை மேசையில் வைக்கும் சத்தத்தை வைத்தே உள்ளறையிலிருந்து ஆளை எடை போடுவார். பக்கத்து வீட்டுக்காரர் கதவை அறைந்து சாத்தும்போதெல்லாம், "இவருக்குக் குடுக்க நம்மகிட்ட சரக்கே இல்லப்பா" என்று முணுமுணுப்பார். அவர் தானே ஓட்டுவதோ, கண்கொண்டு பார்க்க முடியாது. "இவர் ஓட்டினா பின்னாடி வர்ற சைக்கிள்காரரு எறங்கித் தள்ளிட்டே முந்திடுவாரு" என்பாள் மனைவி. வீட்டு வேனை ஓட்டுவது அவள்தான். முன்சீட்டு காலியாகக் கிடக்க அவர் பின்னால் உட்கார்ந்து போவதைப் பார்த்து, கல்யாணமான புதிதில் சொந்தக்காரர்கள் இருவருக்கும் ஏதோ மனஸ்தாபம் என்று பஞ்சாயத்துக்கே வந்துவிட்டார்கள்.

நிஜமான மனஸ்தாபம் போன மாதம்தான் வந்தது. மனைவியின் தம்பியால் வந்தது.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். கூடப் பிறந்தது இவன் ஒருவன்தான். இவனைக் குளிப்பாட்டி, தலைவாரி, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனது எல்லாம் அக்காதான். அவன் பழைய கார் ஒன்றை வாங்கி, அதற்குள் யானைபோல ஓர் எஞ்சினை இறக்கி வைத்திருந்தான். ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட விமான ஓடுபாதையில் அனுமதி வாங்கி நடத்துகிற பந்தயத்தில் ஓட்டப்போகிறான். பட்டறைக்கு வந்தவன் நேராகவே கேட்டான்: "மாமா, இருக்கிறதுலயே லேசானது எதுவோ அதைக் குடுங்க."

அக்காவுக்கு அன்றிலிருந்து தூக்கம் பிடிக்கவில்லை. தடுத்தால் கேட்கிற வயதல்ல. ஆகவே ஒரு யோசனை செய்தாள். பின்சீட்டுப் பயணத்தன்று தைக்கக் கொடுத்த துணியை வாங்க வேண்டும் என்று முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். ஏறும் முன்பே தம்பியைத் தனியாக இழுத்து, "மாமாவுக்கு முதுகுப்பிடிப்புடா, வெளிய சொல்லமாட்டாரு. பூ மாதிரி ஓட்டு" என்று காதில் போட்டுவைத்தாள். அவனும் அக்கா பேச்சைத் தட்டாமல், நிறைகுடத்தை மடியில் வைத்திருப்பவன்போல ஓட்டினான். சாது ஆட்களுக்குக் கணவர் சாதுவான சாமானைத்தான் மாட்டுவார் என்பது அவள் போட்ட கணக்கு.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது அவர் முகத்தில் ஒரு பூரிப்பு.

"உன் தம்பிய என்னமோன்னு நெனச்சேன். என்னா காலுங்கிற! பட்டு! லேசானதையே போட்டுக்கலாம். பாதி மாட்டியாச்சு."

"லேசானதுன்னா மெதுவா போகும்ல?"

"மெதுவாவா? அம்பு மாதிரி போகும். அதுல ஒரே தண்டுதான் சக்கரத்தையும் சுத்தணும், காரையும் தாங்கணும். முரட்டுக் காலுக்கு ஆகாது. முறிஞ்சா தண்டோட சக்கரமும் தனியா போயிடும். ஆனா இவன் காலுக்கு அதெல்லாம் நடக்காது."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏங்க... அவன் அப்படி ஓட்டமாட்டாங்க. நான்தான் சொல்லி ஓட்டவெச்சேன்."

"என்னன்னு?"

"உங்களுக்கு முதுகுப்பிடிப்புன்னு."

"எனக்கா?"

அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கையைக் கழுவினார். கொட்டகைக்குப் போனார். சற்று நேரத்தில் ஸ்பேனர் சத்தம் கேட்டது. மாட்டியதை எல்லாம் வரிசையாகக் கழற்றிக்கொண்டிருந்தார். அவள் தட்டை மூடிவைத்துவிட்டு, வாசற்படியில் நின்று அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் தம்பியோடு அவர் மட்டும் போனார். "முதுகு நல்லாத்தான்டா இருக்கு, மாப்ளே. உன் இஷ்டத்துக்கு ஓட்டு." திரும்பி வந்தபோது தலைமுடி நட்டுக்கொண்டு நின்றது. ஒரு செருப்பு முன்சீட்டுக்கு அடியில் போய்ச் சிக்கியிருந்தது. குனிந்து தேடி எடுத்தார்.

"கயிறு அறுந்த லிஃப்ட் மாதிரி இருக்குடா உன் காலு!"

"நல்லாருக்கா மாமா?" தம்பிக்கு ஒரே பெருமை.

"உனக்கு நல்லாத்தான் இருக்கு. இரும்புக்குத்தான் பாவம்."

கொட்டகையின் மூலையில் ரொட்டிக் கம்பெனி வேன் ஒன்றின் பின் ஆக்சில் சாய்ந்து கிடந்தது. பருத்தது, அழகில்லாதது, இரண்டு பேர் சேர்ந்தால்தான் நகரும். அதில் காரின் கனத்தை வெளிக்கூடு தாங்கிக்கொள்ளும். உள்ளே இருக்கும் தண்டுக்குச் சக்கரத்தைச் சுற்றுகிற வேலை மட்டும்தான். தண்டு முறிந்தால் வண்டி நிற்கும். சக்கரம் இருந்த இடத்திலேயே இருக்கும். அவர் அதைத்தான் காட்டினார்.

"ரொட்டி வண்டி ஆக்சிலா? மாமா, பசங்க கைகொட்டிச் சிரிப்பானுங்க."

"குனிஞ்சு அடியில பாத்தாத்தானே தெரியும்? குனிஞ்சு பாக்குறவன் தொழில் தெரிஞ்சவன். அவன் சிரிக்கமாட்டான்."

"இவ்வளவு கனத்தைக் கட்டிட்டு எங்க மாமா ஜெயிக்கிறது?"

"கனந்தான். கண்ணு சிமிட்டுற நேரம் போகும். இல்லேன்னு சொல்லல."

"அந்தக் கண்ணு சிமிட்டுற நேரத்துலதான் ஜெயிக்கிறதே! விடுங்க, நான் வேற பட்டறையில பாத்துக்கறேன்."

"தாராளமா போ. போறப்போ உங்க அக்காவையும் கூட்டிட்டுப் போ. தண்டு முறிஞ்சா சக்கரம் எங்க போகும்னு அவ முன்னாடி வெச்சு ஒரே ஒரு தடவ கேளு. அந்தப் பட்டறைக்காரரு என்ன சொல்றாரோ கேட்டுட்டு, உன் மனசுபோல செய்."

தம்பி அக்காவைப் பார்த்தான். பிறகு வேன் ஆக்சிலின் ஒரு முனையைப் பிடித்து, "எங்க வைக்கணும், சொல்லுங்க" என்றான்.

அவளுக்கு உயிர் வந்தது. ஆனால் அதோடு விடாமல் அன்று மாலையே இன்னொன்றுக்கும் அடி போட்டாள். ஆக்சிலின் நடுவில் பல்சக்கர ஜோடி ஒன்று உண்டு. அதன் பல் கணக்கை மாற்றினால் வண்டி சீறிக் கிளம்பும், அல்லது சோம்பிக் கிளம்பும். இத்தனை வருடம் அவரோடு குடித்தனம் நடத்தியதில் அந்த அளவுக்கு அவளுக்கும் தெரியும்.

"ஏங்க, உள்ள இருக்கிற பல்லையாச்சும் கொஞ்சம் மெதுவா போற மாதிரி வைங்களேன். அவனுக்கு எங்க தெரியப்போகுது?"

"தெரியாது. அதனாலதான் வேணாங்கிறேன்."

"என் தம்பிங்க அவன்."

"என்னை நம்பி வண்டிய விட்டிருக்கான். ஆக்சிலு நான் சொன்னது, அவன் ஒத்துக்கிட்டான். சீறிக் கெளம்புற பல்லு அவன் கேட்டது, நான் ஒத்துக்கிட்டேன். இன்னொண்ணு கேளு. இழுக்காத வண்டிய அவன் இன்னும் ஓங்கி மிதிப்பான். நீ நெனைக்கிறது நடக்காதும்மா."

அன்றிலிருந்து அவள் பேசுவதை நிறுத்தினாள். தட்டு பேசியது, கதவு பேசியது, வேனின் கியர் பேசியது. எப்போதும் வெண்ணெய்போல கியர் மாற்றுகிறவள் திருப்பத்துக்குத் திருப்பம் உலுக்கி எடுத்தாள். பின்சீட்டில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவர் அதையெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தார். வீட்டில் இறங்கி, தைத்த துணிப் பையைத் தானே தூக்கிக்கொண்டு உள்ளே போனார். பட்டறையில் பல்சக்கரங்களுக்கு இடையே மை தடவி, சுற்றி, எங்கே பதிகிறது என்று பார்த்து, கழற்றி, மறுபடி மாட்டினார். தம்பி பொறுமையிழந்து, "போதும் மாமா, உக்காந்துடுச்சு" என்றான். "உனக்கு உக்காந்துடுச்சு" என்று சொல்லி மறுபடி கழற்றினார். மற்றவர்களுக்கு ஒருமுறை செய்வதை இவனுக்கு எத்தனைமுறை செய்தார் என்பதை, வாசற்படியில் ஏதோ வேலையாக நிற்பதுபோல நின்றவள் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனாலும் பேசவில்லை.

பந்தயத்தன்று வரமாட்டேன் என்றவள், காலையில் முதல் ஆளாக வேனில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

ஓடுபாதையில் நிழல் என்று ஒன்றுமில்லை. தம்பியின் கார் கோட்டில் நின்று உறுமியது. எல்லோரும் கிளம்பும் விளக்கைப் பார்த்தார்கள். அவள் தரையைப் பார்த்தாள். அவர் இரண்டு பின்சக்கரங்களை மட்டும் பார்த்தார். விளக்கு மாறியது. கயிறு அறுந்த லிஃப்டேதான். கார் பின்பக்கம் குந்தி எழுந்து, புகையைக் கக்கிக்கொண்டு பாய்ந்தது. சத்தம் தூரத்தில் தேய்ந்து அடங்கும்வரை அவள் தலையைத் தூக்கவில்லை. கூட்டம் கைதட்டியது. பக்கத்துப் பாதையில் ஓடியவன் ஒரு மயிரிழை முன்னால் போய்விட்டான்.

தம்பி மெதுவாக ஓட்டிக்கொண்டு திரும்பினான். ஹெல்மெட்டைக் கழற்றியதும், "ரொட்டி வண்டி என்னைக் கவுத்துடுச்சு மாமா!" என்று கத்தினான். ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு. நண்பர்கள் சூழ்ந்துகொண்டு, முன்மூடியைத் திறந்து எஞ்சினைப் பார்க்கப் போனார்கள்.

அவர் காரின் பின்னால் போய் மண்டியிட்டார். கையை அடியில் விட்டு, ஆக்சிலின் நடுவில் பருத்த பாகத்தை, காய்ச்சல்காரனின் நெற்றியைத் தொடுவதுபோலப் புறங்கையால் தொட்டார். அப்படியே இருந்தார். பக்கத்தில் புடவை உரசும் சத்தம் கேட்டது. மனைவி தார்த்தரையில் முழங்காலிட்டுக் கொண்டிருந்தாள்.

"சுடுதாங்க?"

"ஓடிட்டு வந்திருக்குல்ல. சுடத்தான் செய்யும்."

அவளும் கையை உள்ளே நீட்டினாள். இரும்பில் படும் முன் அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். உள்ளங்கையைத் திருப்பி, அவள் விரல்களின் பின்பக்கத்தை மெல்ல அதன்மேல் வைத்துவிட்டார்.