அக்காவின் கழுத்து மட்டம்

என் அக்காவின் கழுத்தை அதிகாரிகள் வந்து அளந்தார்கள். அவளுக்கு அப்போது பத்து வயது, எனக்கு எட்டு. வயிற்றெரிச்சல் என்றால் என்னவென்று அன்றுதான் முழுதாகத் தெரிந்துகொண்டேன்.

மஞ்சூர் பஸ் திரும்பும் வளைவுக்குக் கீழே, ஆற்றை ஒட்டி எங்கள் லைன் வீடுகள், தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்தவை. அதிகாரிகள் வருவதற்கு இரண்டு வருடம் முன்பு ஒரு மத்தியான மழையில் ஆறு கரைச் சுவரைத் தாண்டி வீட்டுக்குள் வந்துவிட்டது. அம்மாவும் அப்பாவும் எஸ்டேட்டில் இருந்தார்கள். அக்கா என்னைக் கட்டிலில் ஏற்றி, அங்கிருந்து பீரோ மேல் தள்ளிவிட்டாள். அப்பா வரும்வரை கழுத்தளவு தண்ணீரில் என் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவ்வளவுதான், லைன் முழுக்க அவள் பெயர்தான். பள்ளிக்கூடத்தில் கைதட்டினார்கள். மாமா குன்னூரிலிருந்து சிவப்பு ஸ்வெட்டர் வாங்கி வந்தார், அவளுக்கு மட்டும். எனக்கு அவளுடைய பழைய நீல ஸ்வெட்டர் வந்து சேர்ந்தது. பீரோ மேல் உட்கார்ந்திருந்தவளைப் பற்றி யார் பேசுவார்கள்? நான் அன்று நனையக்கூட இல்லை. அதுதான் என் குறை.

ஆற்றோரச் சுவரை உயர்த்தப் போவதாகவும், அதற்கு மக்களின் கருத்தைக் கேட்பதாகவும் சொல்லி அதிகாரிகள் வந்தார்கள். பள்ளிக்கூட வராந்தாவில் கூட்டம். வந்தவர்களில் கண்ணாடி போட்ட என்ஜினியர், "போன வெள்ளத்துல தண்ணி எவ்வளவு உயரம் வந்துச்சு? சுவத்துல கறை ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

கறை எங்கே இருக்கும்? பொங்கலுக்குத்தான் லைன் மொத்தமும் சுண்ணாம்பு அடித்துப் பளிச்சென்று வைத்திருந்தோமே. எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அப்பா எழுந்து அக்காவை முன்னால் நிறுத்தினார்.

"இவ கழுத்து வரைக்கும் வந்துச்சுங்க சார். ஊட்டுக்குள்ளயே நின்னா."

"ஆமாங்க, ஆமாங்க" என்று கூட்டமே தலையாட்டியது.

எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அக்காவை வாசல் சுவரில் சாய்த்து, கழுத்துக்கு நேராகச் சாக்பீஸில் கோடு போட்டார் என்ஜினியர். "இந்த மட்டத்துக்கு ஆத்தோரச் சுவத்தை ஏத்திடலாம்" என்றார். அக்கா சிவப்பு ஸ்வெட்டரில் மகாராணி மாதிரி நின்றாள். எனக்குத் தாங்கவில்லை. நான் போட்டிருந்த நீல ஸ்வெட்டரை இழுத்துக் காட்டினேன்.

"சார், பொய்! அப்ப அக்கா இவ்வளவு உசரம் இல்ல. அன்னிக்கு இந்த ஸ்வெட்டர்தான் போட்டிருந்தா. இப்ப எனக்கே சரியா இருக்கு, பாருங்க!"

என்ஜினியர் சிரித்துவிட்டார். "கெட்டிக்காரப் புள்ளைம்மா நீ" என்று என்னைச் சுவரில் நிறுத்தி, என் கழுத்துக்கு நேராக இன்னொரு கோடு போட்டார். அக்காவின் கோட்டுக்கு அரையடி கீழே. பழைய கோட்டைக் கையாலேயே அழித்துவிட்டு, புது அளவைக் குறித்துக்கொண்டார். சாக்பீஸ் தூள் என் கழுத்தில் ஒட்டியிருந்தது. இரண்டு நாள் நான் அதைக் கழுவவில்லை.

ஆற்றோரச் சுவர் என் கழுத்து மட்டத்துக்கே எழும்பியது. மூன்றாம் வருட மழையில் தண்ணீர் அதைத் தாண்டி வந்து, அக்காவின் அழிக்கப்பட்ட கோட்டுக்கு ஒரு விரல் கீழே நின்றது. ஒவ்வொரு பெருமழைக்கும் ஆறு முன்னைவிடக் கொஞ்சம் மேலே ஏறும் என்பது அன்று தலையாட்டிய அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. அக்கா இரண்டு வருடத்தில் வளர்ந்திருந்ததும் தெரிந்திருந்தது. சுவர் அந்த அரையடி கூடுதலாக எழும்பட்டும் என்றுதான் அதைச் சொல்லாமல் தலையாட்டியிருக்கிறார்கள்.

அன்று எனக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? அதிகாரிகளின் ஜீப் வளைவேறிப் போனதும் கூட்டம் கலைந்தது. பக்கத்து வீட்டு அத்தை என்னைப் பார்த்து, "அட பாவி மகளே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அம்மா டீயை என் முன்னால் டக்கென்று வைத்தாள். அப்பா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பொறாமை, எல்லோருக்கும் என்மேல் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். எனக்குத் தெரியாதா அது எப்படி இருக்கும் என்று? அக்காவைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது. பக்கத்தில் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"விடுக்கா, அடுத்த வெள்ளத்துக்கு உன்னத்தான் கூப்பிடுவாங்க" என்றேன்.