கூரையா, வானமா?

பாதிரியார் "ஆமென்" என்று முடித்த கையோடு லவோன் குபியாக் ஒரே ஒரு தடவை கை தட்டினாள். பளீரென்று. தேவாலயத்தில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின. சவப்பெட்டிக்குள் படுத்திருந்த எமில் மட்டும்தான் திரும்பவில்லை. லவோன் விரித்த கைகளை மடக்காமல், ஒரு காதை விதானத்துக்குக் கொடுத்து, உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

"என்ன, எமில் நல்லா செத்துட்டார்னு பாராட்டா?" என்றாள் பின்வரிசைப் பெண்மணி.

"அவ கூரையைப் பாக்குறா. விட்டுடுங்க" என்றார் கணவர் நார்பர்ட், தன் செருப்பு நுனியைப் பார்த்தபடி.

"மூணு" என்று முடிவு சொன்னாள் லவோன். "இந்த இடம் தேறாது."

விஸ்கான்சினின் இந்த மூலையில் அவள் தட்டிப் பார்க்காத கூரை இல்லை. பல் டாக்டரின் அறையில் வாய் நிறையப் பஞ்சோடு தட்டியிருக்கிறாள். வங்கியில் தட்டியபோது காவலாளியின் கை இடுப்புத் துப்பாக்கிக்குப் போய்விட்டது. பேத்தி பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் தட்டி, "இங்க ரெண்டரை" என்று சொல்லிவிட்டுத்தான் குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். எண்ணிக்கை என்பது வேறொன்றும் இல்லை. தட்டிய சத்தம் சுவரில் மோதித் திரும்பி வந்து அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான். ஒன்றுக்குள் அடங்கினால் நல்ல இடம். அப்படி ஒரு கூரையை அவள் இதுவரை கண்டதில்லை.

வருடத்தில் ஒன்பது மாதம் லவோன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். பனி முழங்கால் வரை கொட்டும் காலையில்கூடக் கை நடுங்காமல் ஓட்டுவாள். மீதி மூன்று மாதமும் நடுங்கிக்கொண்டே இருப்பாள். கோடையில் அவள் டிரம் கோர் சங்கத்தில் போட்டி இடத்தை முடிவு செய்யும் குழுவின் தலைவி. குழுவில் வேறு யாரும் கிடையாது. டிரம் கோர் என்றால் நூறு பேர் பித்தளைக் குழல் ஊதிக்கொண்டும் டிரம் அடித்துக்கொண்டும், ஊதியபடியே ஓடி, கால்பந்து மைதானம் முழுக்கக் கோலம் போடுகிற கூட்டம். ஆகஸ்ட் நடுவில் ஒரு சனிக்கிழமை, ஒன்பது கோர்களுக்கு இறுதிப் போட்டி. அதைத் திறந்த மைதானத்தில் வைப்பதா, கூரைக்குள் வைப்பதா? இந்தக் கேள்வியை, சூடான சட்டியை இறக்கி வைப்பதுபோல் அவள் மடியில் வைத்துவிட்டு எல்லோரும் நகர்ந்துவிட்டார்கள். ஆயிற்று, இருபத்திரண்டு வருடம்.

ஜூலை பிறந்தால் அவள் கைப்பையைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். வானிலை சொல்லும் சிறிய ரேடியோ, வயிற்றெரிச்சல் மாத்திரை மூன்று பாட்டில், மைதானத்தின் கதவுச் சாவி, மண்டபத்தின் கதவுச் சாவி, பெரிய டிரம்மை அடிக்கும் பஞ்சுத்தலைக் கம்பு ஒன்று. ரேடியோ கட்டிலில் அவளுக்கும் நார்பர்ட்டுக்கும் நடுவில் படுக்கும். "கல்யாணமாகி நாப்பது வருஷத்துல, அவ காதுல அதிகமா பேசின ஆம்பளை அந்த ரேடியோக்காரன்தான்" என்பார் நார்பர்ட். நகம் கடித்துக் கடித்து, ஆகஸ்ட் வருவதற்குள் லவோனுக்குக் கடிக்க நகம் தீர்ந்துவிடும். அப்புறம் நார்பர்ட் தன் கையைச் சட்டைப்பைக்குள்ளேயே வைத்துக்கொள்வார்.

திறந்த மைதானம் என்றால் சத்தம் போன வழியே போய்விடும். மக்காச்சோளக் காட்டைத் தாண்டி, பக்கத்து ஊர் மாடு தலை தூக்கும். அதற்காகவே உண்டான கலை இது. ஆனால் ஆகஸ்ட் வானத்துக்கு நாணயம் கிடையாது. மூன்று மணிக்குச் சிரிக்கும், நான்கு மணிக்கு இடிக்கும். கூரைக்குள் போனால் இடியும் இல்லை, மழையும் இல்லை. சுவர் இருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் லவோன் வானத்தை நம்பினாள். ஆறு கோர்கள் ஆடி முடித்தன. ஏழாவது கோர் வாசலில் நிற்கும்போது மேற்கே ஒரு மின்னல். மின்னல் தெரிந்தால் மைதானத்தைக் காலி பண்ண வேண்டும். கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழியாமல் யாரும் புல்லில் கால் வைக்கக் கூடாது. இருபத்தொன்பதாவது நிமிடத்தில் அடுத்த இடி. அதற்கப்புறம் வந்த இருபத்தேழாவது நிமிடத்தில் இன்னொன்று. வேண்டுமென்றே கடிகாரம் பார்த்து இடித்தது. மூன்று கோர்கள் முழு உடுப்பில், தொப்பியில் இறகு நனைய, இரண்டரை மணி நேரம் நின்றுவிட்டு பஸ் ஏறின. இந்தக் கலையில் இருபத்தொரு வயது முடிந்தால் அடுத்த கோடைக்கு இடம் கிடையாது. அந்த மூன்று கோர்களிலும் அப்படி வயது முடிந்தவர்கள் நாற்பத்தொரு பேர். பத்து வருடம் ஊதியவர்களுக்குக் கடைசி ஆட்டம் இல்லாமலே போயிற்று.

போன வருடம் பயந்துபோய்ப் பெரிய நகரத்து அரங்கு ஒன்றின் கூரைக்குள் வைத்தாள். அங்கே தட்டிப் பார்த்தபோதே எண்ணிக்கை நான்கரை வந்தது. மழை பயம் காதை அடைத்துவிட்டது. டிரம்காரன் ஒரு அடி அடித்தால் முன்னால் நிற்கிற குழல்காரனுக்கு இரண்டு கேட்டது. பாதிப் பேர் முன்னால் நின்று தாளம் காட்டும் கோர் தலைவனின் கையைப் பார்த்து நடந்தார்கள், மீதிப் பேர் சுவரின் தாளத்துக்கு நடந்தார்கள். நடுவில் மோதிக்கொண்டார்கள். ஒரு பெண்ணின் உதடு கிழிந்தது. "நாங்க மத்த கோரோட மோதல லவோன், சுவரோட மோதினோம்" என்றார் சங்கத் தலைவர் டுவேன் ஸ்டெல்ட்டர். அன்று வெளியே ஒரு பொட்டு மழை இல்லை.

அந்த நாற்பத்தொரு பேரில் ஒருவன் டாரில் ஃபிஸ்டர். ஆளை விடப் பெரிய குழலைத் தோளில் வைத்து ஊதியவன். இப்போது ஊர் எல்லையில் பெட்ரோல் பங்க்கில் வேலை. லவோன் தினமும் அங்கேதான் பஸ்ஸுக்கு டீசல் போடுகிறாள். தினமும் அவன் ஒரே கேள்வியைத்தான் கேட்பான்.

"லவோன், வானம் என்ன சொல்லுது?"

சிரித்துக்கொண்டுதான் கேட்பான். அது கிண்டலா, கணக்குத் தீர்ப்பதா என்று இரண்டு வருடமாக அவளுக்குப் புரியவில்லை. அவன் கேட்டதும் ஒரு மாத்திரை போட்டுக்கொள்வாள்.

இந்த வருடம் உள்ளூரிலேயே இரண்டு இடம் பிடித்து வைத்தார்கள். பள்ளிக்கூட மைதானம் ஒன்று, சந்தைத் திடலில் புதிதாகக் கட்டிய விளையாட்டு மண்டபம் ஒன்று. மண்டபத்தில் ஒரு பக்கம் ஆட்கள் உட்காரும் படிகள், எதிர்ப் பக்கம் வெறும் தகரச் சுவர். எண்ணிக்கை நான்கு. எதில் போட்டி என்று லவோன் சனிக்கிழமை மதியம் பன்னிரண்டுக்குள் சொல்ல வேண்டும். அதற்குமேல் போனால் வாத்தியங்கள் ஏற்றி வரும் லாரிகளைத் திருப்ப முடியாது.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் பள்ளிக்கூட ஜிம்முக்கு முட்டைத் தட்டுகளை பஸ்ஸில் கொண்டுபோனாள். டிரம் கோர் பிள்ளைகள் ஊர் ஊராகப் போய் ஜிம் தரையில்தான் தூங்குவார்கள். ஒரு கோரின் நூறு பேரும் தூக்கப்பைக்குள் புழு மாதிரி சுருண்டு கிடந்தார்கள். பழக்க தோஷம். லவோன் முட்டையைக் கீழே வைத்துவிட்டு ஒரு தட்டுத் தட்டினாள்.

"யாருடா அது!"

"இன்னும் மணி அடிக்கலையே!"

"லவோன்தான். தூங்கு."

லவோன் காதைச் சாய்த்தபடி நின்றாள். அதே ஜிம். கூடைப்பந்து ஆட்டத்தன்று எத்தனை தடவை தட்டியிருக்கிறாள்! மூன்றுக்குக் குறைந்ததே இல்லை. இன்று தட்டிய சத்தம் திரும்பவே இல்லை. இன்னொரு தடவை தட்டினாள். ஒரு தலையணை பறந்து வந்து அவள் தோளில் விழுந்தது. அதை எடுத்து அமுக்கிப் பார்த்தாள்.

பெட்ரோல் பங்க்கில் டாரில் வழக்கம்போல் கேட்டான். "வானம் என்ன சொல்லுது?"

"மழை நாப்பது சதவீதமாம். நாப்பதுன்னா என்னடா அர்த்தம்? பத்து பேருல நாலு பேரு நனைவானா?"

"அன்னைக்கு முப்பதுன்னுதான் சொன்னாங்க" என்றான் டாரில். அன்று அவன் சிரிக்கவில்லை.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மைதானத்தின் நடுவில் டுவேன், நார்பர்ட், லவோன். வானம் நீலம். மேற்கில் மட்டும் ஒரு வெள்ளை மேகம், பூனை அளவில். லவோன் அதைப் பார்த்த பார்வையில் மேகமே கொஞ்சம் பின்வாங்கியிருக்கும்.

"இந்த வெயில்ல கூரைக்குள்ள போகச் சொன்னா என்னை உயிரோட எரிச்சுடுவாங்க" என்றார் டுவேன்.

"உள்ள" என்றாள் லவோன்.

"சுவரு? போன வருஷம் மறந்துபோச்சா?"

"ஒன்பது கோர். தொள்ளாயிரம் தூக்கப்பை. அத்தனையும் மூணு மணிக்குள்ள எனக்கு வேணும். சுவர்ல தொங்கவிடப் போறேன்."

டுவேன் நார்பர்ட்டைப் பார்த்தார். "உன் பெண்டாட்டிக்கு வெயில் ஏறிடுச்சா?"

"இது இப்ப ஏறினது இல்ல" என்றார் நார்பர்ட்.

மூன்று மணிக்குத் தகரச் சுவரின் முன்னால் பந்து தடுக்கும் வலையில் தொள்ளாயிரம் தூக்கப்பைகள் தொங்கின. சிவப்பு, பச்சை, டைனோசர் படம் போட்டது. ஒன்பது கோர்களின் அம்மா அப்பாக்கள் ஏணியில் ஏறி டிரம் வார், ஷூ லேஸ், இடுப்பு பெல்ட் என்று அகப்பட்டதையெல்லாம் வைத்துக் கட்டினார்கள். எட்டு வாரமாகத் துவைக்காத தொள்ளாயிரம் பைகள். அந்த வாசனையில் சாசேஜ் வண்டிக்காரர் வண்டியை இரண்டு தடவை தள்ளி நிறுத்தினார். நடுவில் ஒரு பை அளவுக்கு ஓட்டை தெரிந்தது. வேலை முடிந்து வந்த டாரில் கக்கத்திலிருந்து ஒரு பழைய நீலப் பையை எடுத்தான்.

"ரெண்டு வருஷமா துவைக்கல" என்றான். "எதிரொலி கிட்டவே வராது."

லவோன் தட்டிப் பார்க்கக் கை தூக்கினாள். ஏணிகள் இழுபடும் சத்தம், ஆயிரம் பேர் பேசும் சத்தம். ஒன்றும் கேட்காது. கையை இறக்கிவிட்டாள்.

நான்கு மணிக்கு முதல் கோர் உள்ளே வந்தது. டிரம்காரன் கம்பை ஓங்கினான். அந்த அடி விழுவதற்குள் லவோன் கதவைத் தாண்டி ஓடி, வாகனம் நிறுத்தும் இடத்தில் தன் பஸ்ஸுக்குள் ஏறி, எல்லா ஜன்னலையும் ஏற்றிவிட்டு, ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டாள். வெளியே வெயிலில் கண் கூசியது. பூனை மேகம்கூட எங்கோ போய்விட்டது. ஐந்து மணிக்கு டுவேன் ஜன்னலைத் தட்டினார். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். போகிற போக்கில் வானத்தைக் காட்டிக் குடை பிடிப்பதுபோல் நடித்துவிட்டுப் போனார். உள்ளே எப்படி இருக்கிறது என்று கேட்க லவோனுக்குத் தைரியம் வரவில்லை. ஆறு மணிக்கு நார்பர்ட் சீஸ் பொரியல் கொண்டுவந்தார். அவரிடமும் கேட்கவில்லை. உள்ளே வயது முடிகிறவர்கள் இந்த வருடம் ஐம்பத்து மூன்று பேர். அந்த எண்ணை மட்டும் ஸ்டியரிங்கில் விரலால் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தாள். பொரியல் ஆறிக் கட்டையானது.

ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் டாரில் பஸ் கதவை இடித்தான்.

"எங்க கோர்தான் கடைசி. இறங்குங்க."

"எப்படிடா இருக்கு?"

"நீங்கதானே காது. நீங்களே கேளுங்க."

"வானம்..."

"வானம் கிடக்குது லவோன். இறங்குங்க."

கை பிடித்து இறக்காத குறை. கதவோரம் நிற்க வைத்தான். பத்து நிமிடம் அவள் ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை. நீலப் பையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அறுபது குழல்கள் கடைசிச் சுரத்தை ஏற்றிக்கொண்டே போயின. தாளம் காட்டும் கோர் தலைவி இரண்டு கைகளையும் உயர்த்தி, சட்டென்று மூடினாள். சத்தம் கத்தியால் நறுக்கியதுபோல் நின்றது. படிகளில் இருந்த ஆயிரம் பேரும் மூச்சை இழுத்தார்கள்.

அந்த இடைவெளிக்குள் பளீரென்று ஒரே ஒரு கைதட்டல்.

டாரில் திரும்பினான். லவோன் விரித்த கைகளை மடக்காமல், தலையைச் சாய்த்து, "ஒண்ணு" சொல்ல உதட்டைக் குவித்தபடி நின்றிருந்தாள். மண்டபமே எழுந்து ஆர்ப்பரிக்கத் தொடங்கிய பிறகும் அந்த உதடு அப்படியே குவிந்திருந்தது.