கமலவேணி சொல்லாமல் வைத்த ஆறு மாதம்

பிள்ளையார்பாளையத்தில் கமலவேணியும் அவள் கொழுந்தன் பெண்டாட்டி தில்லையம்மாளும் ஒரே தறியில் வேலை செய்தார்கள். கமலவேணி நெய்வாள், தில்லை பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா போடுவாள், அதாவது கரை நூல் ஓடத்தைக் குறுக்கே தள்ளிக் கொடுப்பாள். பதினெட்டு வருஷமாக அப்படித்தான்.

கைத்திறன் உள்ளவள் கமலவேணிதான். ஆனால் தெருவே கொண்டாடியது தில்லையின் சிரிப்பை. முப்பத்தைந்து வயசுக்கு மேல் அவளுடைய முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் மெல்ல ஓர் இடைவெளி விழுந்தது. "அதிர்ஷ்டப் பல்லுடி உனக்கு" என்றார்கள் எல்லாரும். கமலவேணிக்கோ பல் தேய்த்தாலே ரத்தம், வாயில் நாற்றம். கடைவாய்ப் பற்கள் ஆடின. முறுக்கை ஊறவைத்துத்தான் தின்பாள்.

2003-ல் ஒரு பட்டுக்கடையிலிருந்து காலண்டருக்குப் படம் எடுக்க வந்தார்கள். படத்துக்கு எடுத்துக்கொண்டது கமலவேணி இருபது நாள் நெய்த மாம்பழ நிறச் சேலையை.

"கொஞ்சம் சிரிங்கம்மா" என்றான் படம் எடுக்கிறவன். அவள் உதட்டைத் திறக்கவில்லை. இரண்டு தரம் கேட்டுப் பார்த்துவிட்டு, "அந்தம்மாவ வரச் சொல்லுங்க" என்று தில்லையைக் கூப்பிட்டான். அடுத்த வருஷம் முழுக்க அந்தக் காலண்டர் அவர்கள் வீட்டுச் சுவரிலேயே தொங்கியது. தில்லை சேலையைக் கையில் ஏந்திச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் பார்க்கும்போதெல்லாம் கமலவேணிக்கு வயிறு எரிந்தது.

அந்த வருஷம் ஆனி மாதம் கமலவேணிக்கு ஈறு வீங்கிச் சீழ் கட்டியது. புருஷன் நமச்சிவாயம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருந்த பல் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். துணைக்கு வந்தவள் தில்லைதான்.

"ஈறுக்குக் கீழ எலும்பு கரைஞ்சிருக்கும்மா" என்றார் டாக்டரம்மா. "ஈறைத் திறந்து, வேரைச் சுத்தம் பண்ணி, திரும்பத் தையல் போடணும். விட்டா எல்லாப் பல்லும் போயிடும்."

நாலு தவணையாகச் செய்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டதால் வலி தெரியவில்லை. ஆனால் வேரைச் சுரண்டும் சத்தம் மண்டைக்குள் கேட்டது. தையல் மேல் இளஞ்சிவப்புப் பசை ஒன்றை அப்பி அனுப்புவார்கள். ஒரு வாரம் ஆறின கூழும் குழைந்த மோர்ச்சோறும்தான்.

ஆடி பிறந்திருந்தது. கடைசி நாளில் டாக்டரம்மா கமலவேணியிடம் மட்டும் சொன்னார்: "உங்ககூட வராங்களே, அவங்களுக்கும் இதே நோய்னு நினைக்கிறேன். அந்த முன்பல்லு சந்து பொறவிலேயே இருக்கிறதா? இல்லல்ல? எலும்பு கரைஞ்சு பல்லு விலகுது. சீக்கிரம் கூட்டிக்கினு வாங்க."

வெளியே பெஞ்சில் தில்லை யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். சொல்லிவிடலாம் என்றுதான் கமலவேணி போனாள்.

"காட்டுக்கா" என்று ஆசையாக வாயைப் பார்த்தாள் தில்லை. "ஐயோ, ஈறு ஏறிப்போய்ப் பல்லெல்லாம் நீளமாத் தெரியுதே! ஆட்டம் நின்னா சரி, உடு."

கமலவேணி வாயை மூடிக்கொண்டாள். சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை.

தைப் பொங்கலுக்குக் கரும்பைக் கடித்த தில்லை, "ஆ" என்று கன்னத்தைப் பிடித்தாள். முன்பல் ஒன்று விரலால் தொட்டதும் ஆடியது. கமலவேணிக்கு ஒரு நொடி சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷம் வந்ததே அவளைப் பயமுறுத்தியது. சாயங்காலம் தில்லையைத் தனியாகக் கூப்பிட்டு, டாக்டரம்மா சொன்னதைச் சொன்னாள்.

"ஆடியிலேயே தெரியுமா? ஏன்க்கா சொல்லல?"

"உன் சிரிப்பு மேல பொறாமை. வேற என்ன."

தில்லை எழுந்து போய்விட்டாள். அதன்பிறகு பதினைந்து நாள் ஒரே தறியில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் நாடா போட்டாள். பதினாறாம் நாள், "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறேன், வா" என்றாள்.

முன்பற்கள் இரண்டையும் எடுக்க வேண்டியதாயிற்று. மற்றவற்றை ஈறு திறந்து காப்பாற்றினார்கள். முன்னமே வந்திருந்தால் அந்த இரண்டும் நின்றிருக்குமா என்று கமலவேணி கேட்டாள். "நின்னிருக்கலாம்" என்றார் டாக்டரம்மா. அதையும் கமலவேணி தில்லையிடம் மறைக்காமல் சொன்னாள்.

தையல் பிரித்த அன்று பஸ்ஸில் தில்லை ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் பையை வைத்துக்கொண்டாள். கமலவேணி கம்பியைப் பிடித்து நின்றாள். ஊர் நெருங்கி, ராஜகுளம் தாண்டியதும் தில்லை பையை மடிக்கு எடுத்தாள்.

"உக்காருக்கா" என்றாள், ஜன்னலைப் பார்த்தபடியே.