வலைகள் சுற்றிப் போகும் மேடு

மூதூரில் லோஞ்சுப் படகு வர நேரமிருக்கிறது. மணல்மேட்டின் குறுக்கே நடந்து, புது நைலோன் வலை உலர்த்தும் அண்ணன் தம்பி இருவரிடம் வருகிறேன்.

"எங்கட ஆக்களை அடக்கின இடத்தால வாறீங்க," என்கிறார் அண்ணன், கோபமில்லாமல். வெள்ளைக்காரன் காலத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட இவர்களுடைய முன்னோர் அந்த மேட்டில்தான் கிடக்கிறார்களாம். கல்லில்லை, வேலியில்லை.

தம்பிக்கு அங்கே ஒரு நினைவுத் தூண் கட்ட வேண்டும். அண்ணனுக்கு விருப்பமில்லை.

"தூண் கட்டினா வருசத்துக்கு ஒருக்காக் கூட்டம் வெச்சிட்டுப் போயிருவாங்க. இப்ப ஒவ்வொரு நாளும் வலையைத் தூக்கிக்கொண்டு ஊரே மேட்டை மிதிக்காமச் சுத்திப் போகுது. மறக்க ஏலாது."

"ஊருக்குத் தெரியும், நானா," என்று அண்ணனை அழைத்துச் சொல்லிவிட்டு என்னைக் காட்டுகிறார் தம்பி. "இவருக்கு?"

மூவரும் திரும்பிப் பார்க்கிறோம். மேட்டின் நடுவே என் செருப்புத் தடம் நேராகக் கிடக்கிறது.