மண்ணரையில் யாருக்கும் இருமல் இல்லையாம்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை கோயமுத்தூரிலிருந்து திருப்பூருக்குப் பஸ் ஏறினேன். பஞ்சுத் தூசி பனியன் தொழிலாளர்களின் நுரையீரலை என்ன செய்கிறது என்று பார்க்கும் ஒரு மருத்துவ ஆய்வில் தரவுகளைச் சரிபார்ப்பது என் வேலை. தொழிலாளர்களின் போனில் ஒரு செயலி இருக்கிறது. தினமும் காலை பதினொரு மணிக்கு மணியடித்து, "இன்று இருமல் உண்டா?" என்று கேட்கும். திருப்பூர் மண்ணரையில் ஒரு கம்பெனியில் மட்டும் இரண்டு மாதமாக எல்லோருக்கும் "இல்லை". எங்கள் குழுத் தலைவருக்கு மகிழ்ச்சி. எனக்கு நம்பிக்கை வரவில்லை.

ஐம்பது கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய்.

"ஏனுங்க மேடம், ஆர்டர் குடுக்க வந்தீங்களா?" என்றார் ஓட்டுநர்.

"இல்லைங்க, இருமலைப் பற்றி விசாரிக்க."

"அதுக்கு இத்தனை தூரம் வரோணுமுங்களா? போன் பண்ணியிருந்தா நானே இருமிக் காட்டியிருப்பனுங்க."

கம்பெனி வாசலில் வாட்ச்மேன் பக்கத்தில் ஒரு மர அலமாரி. உள்ளே போகிறவர்கள் போனை அதில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். பதினொரு மணிக்கு அத்தனை போனும் சேர்ந்து அடித்தன. வாட்ச்மேன் நிதானமாக எழுந்தார்.

"இது அடிச்சா டீ வாங்கியார ஆள் அனுப்பிருவனுங்க. நல்ல ஏற்பாடுங்க!"

அரை மணி நேரம் அங்கேயே நின்றேன். ஒவ்வொரு திரையிலும் தானாக ஒரு வரி வந்தது: "இருமல் இல்லை எனப் பதிவாகியது. நன்றி." பதில் வராத கேள்விக்குச் செயலியே பதில் எழுதிக்கொள்கிறது! இதை வடிவமைத்தவர்களில் ஒருவர்கூட ஒரு கம்பெனி வாசலை மிதித்ததில்லை.

மதிய இடைவேளையில் ஜெயராணி என்ற டெய்லர் வெளியே வந்தாள். தூத்துக்குடிப் பக்கம். பேசும்போதே மூச்சு வாங்கியது.

"யக்கா, எனக்கு ஒண்ணுமில்ல, ஆஸ்பத்திரி டெஸ்டுக்கு வர வேண்டாம்னு மெசேஜ் வந்துட்டு. சூப்பர்வைசர்ட்ட லீவு கேட்டா, 'ஒனக்குத்தான் நோவு இல்லன்னு போன்லயே வந்துட்டே, அப்புறம் என்ன நடிப்பு'ங்காரு. நான் நடிக்கேனாக்கா?"

அங்கிருந்தே குழுத் தலைவரை அழைத்தேன். ஆய்வின் நடுவில் எதையும் மாற்ற முடியாது என்றார். அப்படியென்றால் அறிக்கையில் என் கையெழுத்து வராது என்றேன். "சரி, அந்தப் பொண்ணை மட்டும் வரச் சொல்லுங்க" என்றார்.

இதுபோன்ற வேலைக்குப் போகிறவர்களுக்கு: வார நாளில் மதிய இடைவேளைக்குப் போங்கள். அரை மணி நேரம்தான், ஆனால் எல்லோரும் வெளியே இருப்பார்கள். முதலாளி அறையில் உட்காராதீர்கள். போன் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஜெயராணியை ஆஸ்பத்திரியில் மூச்சை அளக்கும் கருவியில் ஊதவைத்துப் பார்த்தார்கள். அவள் வயதுக்கு வர வேண்டிய அளவில் பாதிகூட வரவில்லை. மருந்து தொடங்கியாயிற்று. அந்தக் கம்பெனியின் "இல்லை" அத்தனையையும் "தெரியாது" என்று மாற்றிவிட்டேன். ஆய்வு முடிவே கெட்டுவிட்டது என்கிறார் தலைவர். கெடட்டும். மற்றவர்களையும் ஊதவைக்கும் வரை நான் கையெழுத்துப் போடப் போவதில்லை.